உள்ளங்கை காட்டினால் வா

ஸ்ரேயாஸின் அம்மா மதனவதி போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஸுஷ்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மிஸ், காலையில காந்தி ரோட்டுல இன்னா நடந்துச்சு தெரியுமா? போலீஸ்காரர் வண்டிங்களை நிறுத்தறதுக்குக் கையை நீட்டிக்கினு நிக்கறாரு. நம்ம ஸ்ரேயாஸ் என் கையை உதறிட்டு நேரா நடு ரோட்டுக்குப் போயிட்டான். போயி, அவரு உள்ளங்கையில தன் உள்ளங்கையை வச்சு, ‘உங்க பேரு என்ன’ங்கறான்! எட்டு வயசு வரைக்கும் யார் மூஞ்சையும் நிமிந்து பாக்காத புள்ள மிஸ்! எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு.”

“வண்டி எதுவும் வரலையா?”

“ஒரு பஸ்ஸு வந்துச்சு. பிரேக் போட்டுட்டான். அதை விடுங்க மிஸ், அந்தப் போலீஸ்காரரு என்ன சொன்னாரு தெரியுமா...”

போலீஸ்காரர் என்ன சொன்னார் என்பது ஸுஷ்மாவின் காதில் ஏறவில்லை. பஸ்ஸிலேயே நின்றுவிட்டது மனசு.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் அவள் நாடக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஆட்டிசம் உள்ள ஆறு பிள்ளைகள். வசனம் மனப்பாடம் செய்து மேடை ஏறுகிற நாடகம் இல்லை. அடுத்தவரைப் பார்ப்பது, கூப்பிட்டால் போவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, இவற்றையெல்லாம் விளையாட்டாக நடித்து நடித்துப் பழக்குவது. ஸ்ரேயாஸ் முதல் எட்டு மாதம் ஜன்னலோரம் நின்று காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது மாதம் அவள் ‘கரை தாண்டல்’ விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அன்றைக்குத்தான் அவன் ஜன்னலை விட்டு நகர்ந்தான்.

ஹாலின் நடுவே நீளமாக ஒரு பட்டுத் துணியை விரிப்பாள். ஸ்ரேயாஸின் அப்பா சுமதிநாதன் கொடுத்தது. சாயம் பிசகி, கடையில் விலை போகாத பாக்கு நிறப் பட்டு. அதுதான் ஆறு. இந்தக் கரையில் ஒரு பிள்ளை, அந்தக் கரையில் ஒரு பிள்ளை. அந்தக் கரைக்காரர் கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் ‘வா’ என்று அர்த்தம். இவர் அவர் முகத்தைப் பார்த்தபடியே ஆற்றைக் கடந்து போய், உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பேர் கேட்க வேண்டும். அந்தக் கரைக்காரர் முதுகைக் காட்டினால் ‘இப்போது வேண்டாம்’. திரும்பி வந்து, தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். அடுத்தவர் முறை.

விரலை ஆட்டிக் கூப்பிடுவது இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்தால் ஸ்ரேயாஸுக்கு ஆகாது. தட்டையான உள்ளங்கை எல்லோருக்கும் புரிந்தது. அது தோன்றிய நாளில் ஸுஷ்மா தெருமுனைக் கடையில் தனக்குத் தானே ஒரு ஸ்பெஷல் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டாள். அதே கை ஊரில் மற்ற எல்லோருக்கும் ‘நில்’ என்று சொல்லும் என்பது அன்றைக்கு அவள் புத்தியில் படவே இல்லை.

இன்றைக்குப் பட்டது.

இன்னொன்றும் இருந்தது. விளையாட்டின் முதல் பாதியைத்தான் ஸ்ரேயாஸ் கற்றிருந்தான். உள்ளங்கை காட்டினால் போவான். முதுகைக் காட்டினாலும் போவான். போய், சட்டையைப் பிடித்து இழுப்பான். வகுப்பில் பெரியவளான மோனிஷாவுக்கு அது அடியோடு பிடிக்காது. பதினோரு வயது, சட்டதிட்டம் என்றால் உயிர்.

“தப்பு! முதுகு காட்டினா போய் உக்காரணும்! ரூல்ஸ்! போய் உக்காரு!” என்று காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அவன் மறுபடி இழுப்பான். பின்னாலிருந்து போய் அவனைப் பிடிக்கவும் முடியாது. முதுகுப் பக்கமாக யாராவது தொட்டால் வெடிச் சத்தம் கேட்டது போல முன்னால் பாய்ந்துவிடுவான். இரண்டு முறை சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் வியாழக்கிழமை ஸுஷ்மா சைகையை மாற்றிப் பார்த்தாள்.

“இனிமே உள்ளங்கை காட்டினா ‘நில்’. நெஞ்சுல கை வச்சா ‘வா’. சரியா?”

பத்து நிமிஷத்தில் வகுப்பு கலைந்தது. மோனிஷா தரையில் விழுந்து, “ரூல்ஸை மாத்தக் கூடாது! மாத்தக் கூடாது!” என்று அலறினாள். சின்னவன் ஒருவன் ஹால் கதவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஸ்ரேயாஸ் தன் மணிக்கட்டைக் கடித்தான். பல் பதிந்த இடத்தில் ரத்தம் பூத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கையில் நிகழ்ச்சி. பெற்றோர், உறவினர், இன்னும் இருபது குடும்பங்கள் வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள். மூன்று நாளில் புதிய சைகை ஏறாது. பழையதும் குழம்பிப் போகும்.

“ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கள்லேருந்து மாத்திக்கலாம்,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். யாருக்கோ பதில் சொல்வது போல.

ஓரிக்கை மண்டபம் சுமதிநாதனின் நண்பருடையது. ஞாயிறு மதியம் பின்பக்கக் கதவைத் திறந்த ஸுஷ்மா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாரமாக விட்டுவிட்டுப் பெய்த மழையில் வேகவதி ஆறு தரைப்பாலத்தின் மேலேறி ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து நூறடி தூரம்கூட இல்லை. மற்ற நாளில் ஆடு மேய்கிற ஆறு.

அதன் நிறம் பாக்கு நிறம். மாடி ஹாலில் விரித்த பட்டை அப்படியே உதறிப் போட்டது போல.

பாலத்தின் முகப்பில் சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காக்கி பேண்ட், பூப்போட்ட குடை. கிராம உதவியாளர் தேவேந்திரன்.

“இன்னாமா, செல்ஃபியா? இங்க வேணாம்மா. காலையிலேருந்து பன்னெண்டு பேரைத் தொரத்தியிருக்கேன். தொரத்தறதுக்குத்தான் சம்பளம்னு நெனச்சுக்கினேன்.”

“செல்ஃபி இல்லீங்க. உள்ள பசங்க இருக்காங்க. யாராவது இந்தப் பக்கம் வந்தா...”

“எவன் வருவான்? இந்தக் கரையில நானு, அந்தக் கரையில சரத்குமார். அதோ பாரு, நிக்கறான். தண்ணி சத்தத்துல கத்தினா கேக்காது. அதனால எவனாச்சும் எறங்கினா அவன் அங்கேருந்து கையைக் காட்டி நிறுத்திடுவான்.”

சொல்லிவிட்டுத் தேவேந்திரன் அக்கரையைப் பார்த்துக் கையசைத்தார். மஞ்சள் சட்டை போட்ட அந்த ஆள், தான் வேலையில் இருப்பதைக் காட்டுவதற்காகவோ என்னவோ, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கைகளைக் காட்டினான்.

ஸுஷ்மா சட்டென்று தேவேந்திரன் பக்கம் திரும்பினாள்.

“அவரை அப்படிக் கை காட்ட வேணாம்னு சொல்ல முடியுமா?”

தேவேந்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “வராதேன்னு சொல்றதுக்கு வேற எப்படிமா காட்டறது? கும்பிடு போடச் சொல்லவா?”

ஸுஷ்மா உள்ளே வந்தாள். பின்கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ஆரம்பித்த நிகழ்ச்சி அவள் கனவில் கண்டதைவிட நன்றாக நடந்தது. மேடையில் பாக்கு நிறப் பட்டு விரிந்தது. மோனிஷா உள்ளங்கையைக் காட்டினாள். ஸ்ரேயாஸ் அவள் முகத்தைப் பார்த்தான், நடந்தான், ஓரிடத்திலும் நிற்கவில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்தது.

“உங்க பேரு என்ன?”

“மோனிஷா. உனக்குத்தான் தெரியுமே!”

மண்டபம் சிரிப்பிலும் கைதட்டலிலும் அதிர்ந்தது. முன்வரிசையில் சுமதிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மோனிஷா முதுகைக் காட்டும் இரண்டாம் பகுதியை ஸுஷ்மா நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். அவன் சட்டையை இழுப்பதை இத்தனை பேர் பார்க்க வேண்டாமே.

ஐந்தேகாலுக்கு இடைவேளை விட்டார்கள். வந்தவர்கள் ஸுஷ்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை வயதில் சேர்க்கலாம், வாரம் எத்தனை நாள், பேசாத பிள்ளையைக்கூட எடுத்துக்கொள்வீர்களா? அவள் பதில் சொல்லிக்கொண்டே மேடையோரம் பார்த்தாள். வெள்ளைக் கோட்டில் ஐந்து பிள்ளைகள் பிஸ்கெட்டுடன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரேயாஸ் இல்லை. மதனவதி கூட்டிப் போயிருப்பாள் என்று நினைத்தாள். அவர்கள் ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வகுப்பு நாட்களிலும் ஐந்தரைக்கெல்லாம் மதனவதி டிபன் டப்பாவோடு மாடிப்படியில் நிற்பாள்.

அந்த நினைப்பு முடிவதற்குள் மதனவதியே எதிரில் வந்தாள். கையில் திறந்த டப்பா.

“எங்க மிஸ் இவன்? விளக்கு வைக்கற நேரமாச்சு. ரெண்டு இட்லியாச்சும் ஊட்டிடறேன்.”

“உங்ககூட இல்லையா?”

“நான் டப்பா எடுக்கத்தான காருக்குப் போனேன். உங்ககூட இருப்பான்னு...”

“காரு எங்க நிக்குது?”

“பின்னாடி. கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நான்தான் தொறந்துக்கினு...”

ஸுஷ்மா ஓடினாள். எதிரில் இருந்த நாற்காலி சரிந்தது. “யாரும் எழுந்திருக்காதீங்க, இங்கயே உக்காருங்க!” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்.

பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசல்படியில் ஸ்ரேயாஸின் செருப்பு, ஜோடி பிசகாமல், அருகருகே. ஹாலில் ஆற்றில் இறங்கும் முன் கழற்றி வைப்பது போலவே.

சவுக்குக் கட்டைக்கு இந்தப் பக்கம் தேவேந்திரன் ஒரு மோட்டார் பைக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “ஏன்யா, உன் வண்டி படகா? சொன்னா கேக்கறியா நீ?” அவர் முதுகுக்குப் பின்னால், கட்டைக்கு அடியில் குனிந்து போய், ஸ்ரேயாஸ் தரைப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தான். தண்ணீர் அவன் கணுக்கால் வரை இருந்தது. ஓடவில்லை, தயங்கவில்லை, வகுப்பில் நடப்பது போலச் சீராக, நிமிர்ந்து, அக்கரையில் ஒரு முகத்தைப் பார்த்தபடி.

அக்கரையில் சரத்குமார் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

“ஐயையோ! டேய் தம்பி!” தேவேந்திரன் அப்போதுதான் பார்த்தார். குடையை வீசிவிட்டுக் கட்டையைத் தாண்டப் போனார். ஸுஷ்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“போகாதீங்க! பின்னாடியிலேருந்து தொட்டா முன்னாடி பாய்ஞ்சிடுவான்! ஆழத்துல போய் விழுவான்!”

“அப்போ இன்னாமா பண்றது? நடுவுல பள்ளம் இருக்குது, தண்ணி இழுக்கும்!”

மண்டபமே காலியாகி அவர்கள் பின்னால் வந்து நின்றது. “ஸ்ரேயாஸ்! திரும்பி வாடா!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தச் சத்தம் தண்ணீரின் இரைச்சலில் கரைந்தது. அக்கரையில் சரத்குமார் பதறிப்போய், இன்னும் முன்னால் வந்து, இன்னும் உயரமாகக் கையை நீட்டினான். வராதே, வராதே, வராதே. அவன் ஒவ்வொரு முறை கையை நீட்டும்போதும் ஸ்ரேயாஸ் ஓர் அடி எடுத்து வைத்தான். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

“அவருக்குப் போன் பண்ணுங்க,” என்றாள் ஸுஷ்மா. “கையைக் கீழ போட்டுட்டு, திரும்பி முதுகைக் காட்டச் சொல்லுங்க.”

“முதுகையா?”

“பண்ணுங்கண்ணா!”

தேவேந்திரன் எண்ணைத் தட்டினார். அக்கரையில் சரத்குமார் ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. இன்னொரு கை நீட்டியபடியே இருந்தது. ஸ்ரேயாஸ் அந்த ஒரு கையைப் பார்த்து நடந்தான்.

“டேய் சரத்து! கையைக் கீழ போடுறா! ஆமாடா, கீழ! திரும்பி நில்லு, முதுகைக் காட்டு! குடிக்கலடா, சத்தியமா குடிக்கல! இங்க டீச்சரம்மா சொல்றாங்க...” தேவேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். “புள்ள ஆத்துல வருது, நான் எப்படிண்ணா முதுகைக் காட்டறதுன்னு அழுவுறான்மா.”

ஸுஷ்மா போனைப் பிடுங்கினாள். “அண்ணா, நல்லா கேளுங்க. உங்க கையைப் பாத்துத்தான் அவன் வரான். அது அவனுக்கு ‘வா’. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். நீங்க திரும்பினா அவன் நின்னுடுவான்.”

“நிச்சயமா நிப்பானாம்மா?”

வகுப்பில் ஒரு நாளும் நின்றதில்லை. ஒரு தடவைகூட. மேடையில் அதை எடுத்தே விட்டாள்.

“நிப்பான்,” என்றாள்.

சரத்குமார் கையை இறக்கினான். ஒரு கணம் தயங்கினான். பிறகு தண்ணீரில் நடந்து வரும் பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். போனில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. “நின்னானா? நின்னானாம்மா?”

ஸ்ரேயாஸ் இன்னும் ஓர் அடி வைத்தான். தண்ணீர் தொடைக்கு வந்தது. அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வலது கை மெல்ல உயர்ந்தது. எட்டாத ஒரு மஞ்சள் சட்டையைப் பிடித்து இழுக்கப் போவது போல விரல்கள் மடங்கின.

மதனவதியின் கையிலிருந்து டப்பா விழுந்தது. இட்லிகள் சேற்றில் உருண்டன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவன் நின்றான்.

நின்றவன் அப்படியே நின்றான். பின்னாலிருந்து பார்த்த ஸுஷ்மாவுக்கு அவன் முகம் தெரியவில்லை. காதை மட்டும் பார்த்தாள். ஏதாவது யோசிக்கும்போது அவன் தன் காது மடலை மடக்குவான். இப்போது மடக்கினான். ஒரு முறை. இரண்டு முறை. ஒரு வாழை மட்டை சுழன்று வந்து, அவன் காலில் இடித்துப் பாலத்தின் கீழ்ப்பக்கம் விழுந்து மறைந்தது.

பிறகு அவன் திரும்பினான். வந்த மாதிரியே, அதே அளவு அடிகளாக, திரும்பி நடந்தான். தொடை, முழங்கால், கணுக்கால். கட்டைக்கு அடியில் குனிந்து வந்து, சாலையோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தேடிப் பார்த்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“முதுகு காட்டினா போய் உக்காரணும்,” என்றான் மோனிஷாவின் குரலில். “ரூல்ஸ்.”

மதனவதி அவன் முன்னால் மண்டியிட்டு விழுந்தாள். சுமதிநாதன் மகனின் ஈரக் காலைத் தன் வேட்டியால் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் ஓவென்று கூவியது. கைதட்டியது. மோட்டார் பைக்காரன்கூட விசில் அடித்தான். அத்தனை பேரும் சேர்ந்து போட்ட சத்தம் தண்ணீரின் இரைச்சலையும் தாண்டிப் போய்விட்டது.

ஸுஷ்மா போனைத் தேவேந்திரனிடம் கொடுத்துவிட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது ஸ்ரேயாஸ் மிகச் சாதாரணமாக, வகுப்பில் கேட்பது போலக் கேட்டான்.

“அடுத்து யாரு?”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு இந்தப் பக்கம், சாலை சரிந்து தண்ணீரில் இறங்குகிற இடத்தில், கட்டையின் ஓரத்து இடைவெளிக்கு நேராக, ஐந்து பிள்ளைகளும் வரிசையாக நின்றிருந்தார்கள். செருப்புகள் கழற்றி ஜோடி ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. முதலில் மோனிஷா. யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஸ்ரேயாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரையில், கூட்டத்தின் ஆரவாரம் கேட்டு, சரத்குமார் திரும்பிவிட்டிருந்தான். பிள்ளை பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் உயர நீட்டி, உள்ளங்கைகளைக் காட்டி ஆட்டிக்கொண்டிருந்தான்.

“என் டர்ன்,” என்று மோனிஷா காலை எடுத்து வைத்தாள்.

கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரியாது. இரண்டு கையால் ஐந்து பேரைப் பிடிக்கவும் முடியாது. ஸுஷ்மா கட்டையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து, மோனிஷாவுக்கு முன்னால், தண்ணீர் ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றாள். அவள் கண்ணுக்கு அக்கரையை மறைத்தபடி நின்றாள். பிறகு, உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் வேண்டாம் என்று இழுக்க, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

எதிரே ஆறு மட்டும் தெரிந்தது. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஈர மண்ணில் ஒரு காலடி. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். நின்றது.

ஒரு பெருமூச்சு. பாவாடை தரையில் உரசும் சத்தம். உட்கார்ந்தது ஒன்று. பிறகு தொப்பென்று ஒன்று. மூன்று. கொஞ்சம் பொறுத்து நான்கு. ஐந்தாவது வரவில்லை. ஸுஷ்மா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“நீயும் உக்காரு. ரூல்ஸ்,” என்றாள் மோனிஷா பின்னாலிருந்து, யாரையோ அதட்டி.

ஐந்து.

“மிஸ்,” மதனவதியின் குரல் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. “எல்லாம் உக்காந்துடுச்சுங்க மிஸ். திரும்புங்க.”

ஸுஷ்மா திரும்பவில்லை. பின்னால் தேவேந்திரன் மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்தார். அக்கரையில் மஞ்சள் சட்டை அதை எடுக்காமல் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. இவள் விலகினால் அந்தக் கை பிள்ளைகளுக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். இந்த ஊரில் நாளைக்கு எத்தனை சிக்னலில், எத்தனை ரயில்வே கேட்டில், எத்தனை குளக்கரையில் எத்தனை பேர் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கையை நீட்டுவார்கள்?

“முதல்ல பசங்க வந்த வேனைக் கொண்டாங்க,” என்றாள் ஆற்றைப் பார்த்தபடியே. “ஒவ்வொருத்தரா ஏத்துங்க. கதவைச் சாத்துங்க. சாத்தின சத்தம் கேட்டப்புறம் திரும்பறேன்.”

அவள் வந்து நின்றபோது ஓரடி தள்ளியிருந்த தண்ணீர், இப்போது அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது.